இருபது மார் கயிறு

விகுன்யா வளைப்புக்கு, அதாவது மலையில் திரியும் அந்தக் காட்டுக் கம்பளி மிருகங்களைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் நாளுக்கு, வீட்டுக்கு இருபது மார் கயிறு கொடுக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு மார். யாருடைய கை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்கே எங்கள் தோலாகொச்சாவில் வருஷா வருஷம் ஒரு சண்டை உண்டு. குள்ளன் அளந்தால் குறைகிறது என்பார்கள், நெட்டையன் அளந்தால் அநியாயம் என்பார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் லியோன்சியோ வந்து தன் கையை விரித்து அளந்தால்தான் வாய்கள் அடங்கும்.

நிக்காசியா கொண்டுபோன கயிற்றை யாரும் அளந்ததில்லை. அவள் எப்போதும் இருபத்தொரு மார் கொண்டுபோவாள். ஊரில் அவள் பின்னும் கயிற்றுக்கு அப்படி ஒரு பெயர். புருஷன் பெயரைக் கெடுத்துவிட்ட ஊர், பெண்டாட்டியின் கயிற்றில் குறை சொல்லவில்லை. அதுவரைக்கும் நல்லது.

அன்று காலை அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது உறைபனி புல்லைவிட்டு இறங்கவில்லை. மகள் யானெத் பட்டியின் கல்சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். பன்னிரண்டு வயது. கம்பளிக்கு வளர்க்கிற அல்பாக்காக்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் அவள் வளைப்புக்கு வரவில்லை.

"அம்மா, இந்த வருஷமாவது அப்பா பேரைக் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்கடி. நீ ஓடைப்பக்கம் மேய விடாதே, நரி சுத்துது."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

"போன வருஷமும் நரி சுத்திச்சே," என்று சொல்லிவிட்டு நிக்காசியா நடந்தாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள். பெண் சிரிக்கவில்லை.

பெயர் கூப்பிடுவது என்பது இதுதான். வளைத்துப் பிடித்த விகுன்யாக்களுக்குக் கம்பளி கத்தரித்து முடிந்ததும், திறந்துவிடுவதற்கு முன்னால், அவற்றைக் காவல் காத்துச் செத்தவர்களின் பெயரைத் தலைவர் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். செத்தவனின் வீட்டார் "இருக்கார்" என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இப்போதைய காவல்காரன் கொடுப்பான். அப்புறம் ஊரே சேர்ந்து ஒரு தரம் சொல்லும். ஏழு பேருடைய பெயர் உண்டு. எட்டாவதாக அன்செல்மோவின் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை. குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தவன் காவலில் செத்தவன் ஆகமாட்டான் என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டுவிட்டது.

அன்செல்மோ குடிப்பானா? குடிப்பான். திருவிழாவுக்குக் குடிப்பான், எல்லாரையும் போல. காவலுக்கு மலையேறும்போது ஒரு சொட்டு தொடமாட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொண்டோரி மலைக்கு பொதி சுமக்கும் ஒரு லாமாவின் முதுகில் போர்வையும் உப்புக்கண்டமும் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டாம் நாள் லாமா மட்டும் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் பள்ளத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள், மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு சாராய பாட்டில். அதே வாரம் மலைக்கு அந்தப்பக்கம் தோல் உரித்த பதினோரு விகுன்யாக்கள் கிடந்தன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கள்ள வேட்டைக்காரன் எவனோ கொன்றிருக்கிறான். யோசிக்க வேண்டாம் என்றுதான் ஊர் முடிவு செய்தது.

"அவர் இடுப்புல சுத்தியிருந்த கயிறு எங்கே? நான் பின்னுன கயிறு. உடம்பு கிடைச்ச இடத்துல கயிறு இல்லை," என்று அன்றைக்குக் கூட்டத்தில் நிக்காசியா கேட்டாள்.

"ஒரு கயித்துக்காக எவனாவது கொலை பண்ணுவானாம்மா?" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போது சிரித்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லியோன்சியோ அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். யானெத்துக்கு முதல் முடி இறக்கியவர் அவர்தான், தாய்மாமன் மாதிரி. "தங்கச்சி, இப்பத்தான் மேலிடத்துல வளைப்புக்கு அனுமதி தர்றாங்க. கொலை கேஸுன்னு போச்சுன்னா எல்லாம் நின்னுடும். ஊருக்கே சோறு அதுலதான். தவறி விழுந்துட்டாருன்னே இருக்கட்டும்." தவறி விழுந்ததுடன் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாட்டில் சும்மா இருக்குமா? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பள்ளிக்கூடத்தில் யானெத்துக்குக் குடிகாரன் மகள் என்று பெயர் வந்துவிட்டது.

காவல் வேலை சிரிலோவுக்குப் போனது. நல்ல உடற்கட்டு, நல்ல பேச்சு, காலில் டவுன் பூட்ஸ். விதவையைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி "அக்கா" என்பான்.

வளைப்பு தொடங்கும் இடத்துக்கு நிக்காசியா வந்தபோது முக்கால்வாசிக் கயிறுகளை முடிச்சுப் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரு நிறம், ஒரு பின்னல். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கயிறாக மேடு தாண்டிப் போயிருந்தது. முழத்துக்கு ஒரு துணிக்கிழிசல் கட்டியிருந்தார்கள், காற்றில் படபடக்க. அவள் தன் கயிற்றின் முனையைக் கொடுத்தாள். பக்கத்தில் சிரிலோவின் பெண்டாட்டி பெத்ரோனா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கயிற்றைச் சுருட்டியே கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"லேட்டாயிடுச்சு அக்கா. எங்க வீட்டுக் கயித்தை எலி கடிச்சுக் குதறி வச்சிருக்கு. அந்த மனுஷன் விடியறதுக்கு முன்னாடியே வளைப்புப் பட்டிக்குக் கம்பு நட வந்துட்டார். நான் வீடெல்லாம் தேடி ஒரு கயித்தைப் புடிச்சுட்டு ஓடி வர்றேன்."

"எலி கடிச்சதைத் தூக்கிப் போட்டுடலையே?"

"அய்யோ, என்னக்கா நீங்க! மூட்டைக்குள்ள வச்சிருக்கேன், ஒட்டுப்போட்டுப் பின்னிக்கலாம்."

எங்கள் மேட்டில் அப்படித்தான். லாமா இருந்தால் வீடு. உப்பும் கிழங்கும் அதன் முதுகில் வருகிறது, அடுப்பு அதன் புழுக்கையில் எரிகிறது, காலுக்குச் செருப்பு அதன் தோல், கயிறும் சாக்கும் போர்வையும் அதன் கம்பளி. அதனால் கம்பளியை வீசுவது கிடையாது. தீயில் போடுவது என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு துணுக்கு அடுப்பில் விழுந்தால் பட்டியில் ஒரு குட்டி சாகும் என்பார்கள். குழந்தை தெரியாமல் போட்டாலும் முதுகில் ஒன்று விழும். நைந்த கயிறு தலையணைக்குள் போகும், நைந்த தலையணை செத்தவனின் தலைக்கடியில் குழிக்குள் போகும். திருடனும் இங்கே கம்பளியை எரிக்க மாட்டான்.

லியோன்சியோ கொக்கா இலையை ஊதி மலைத்தெய்வத்திடம் உத்தரவு கேட்டார். லாமா எங்களுடையது, விகுன்யா மலையுடையது. கேட்காமல் தொடக்கூடாது. கேட்டு முடித்து, விசில் ஊதி, இருநூறு பேரும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கிழவர், குமரி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும்தான். மூன்று குன்றுகளைச் சுற்றிய வளையம் மெல்ல மெல்லச் சிறுத்தது. முன்னால் விகுன்யாக்கள் கூட்டங்கூட்டமாக ஓடின, நின்றன, கழுத்தை நீட்டிப் பார்த்தன, மறுபடி ஓடின. அவற்றுக்கு இந்தக் கயிறு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தாவலில் தாண்டிவிடும். தாண்டாது, படபடக்கும் துணிக்குப் பயம். ஆனால் ஒரே ஒரு ஆள் கையை விட்டு, கயிறு ஒரு இடத்தில் தரையில் விழுந்துவிட்டால் போதும். முதல் ஆண் விகுன்யா அந்த ஓட்டையைப் பார்த்துவிடும், அதன் பின்னால் மொத்தமும் போய்விடும். கயிற்றை விட்டவன் பெயர் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

வளையம் சிறுக்கச் சிறுக்கக் கயிறு மிஞ்சும். மிஞ்சினதை முனையில் இருப்பவர்கள் சுருட்டுவார்கள், நடுவில் இருப்பவர்கள் கையை நழுவவிட்டு நகர வேண்டும். அப்படி நகர்ந்துகொண்டே இருக்கும்போது நிக்காசியாவின் கை தன் வீட்டுக் கயிற்றைத் தாண்டி, முடிச்சைத் தாண்டி, அடுத்த கயிற்றுக்குப் போனது.

கண் எதிரே ஓடும் விகுன்யாக்கள் மேல் இருந்தது. கைதான் முதலில் கண்டுபிடித்தது. எட்டுப் புரி. இறுக்கம் பழகின இறுக்கம். நாலு விரல் நகர்ந்தாள். அங்கே மூன்று திருப்பம் தலைகீழாகப் போயிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். பழுப்பும் வெள்ளையும். அவளுடைய கயிறு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த இடத்தைப் பின்னும்போதுதான் அவளுக்கு இடுப்புவலி கண்டது. யானெத். வலியில் கை பிசகி மூன்று திருப்பம் மாறிப்போயிற்று. பிள்ளை பிறந்து பத்து நாள் கழித்து அதை அவிழ்க்கப் போனவளை அன்செல்மோ விடவில்லை. "விடுடி. அது நம்ம பொண்ணு போட்ட பின்னல்," என்றான். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போவான். அதைச் சுற்றிக்கொண்டுதான் கடைசியாகவும் போனான்.

இடப்பக்கம் பெத்ரோனா நடந்துகொண்டிருந்தாள்.

"பெத்ரோனா, இந்தக் கயிறு ஏது?"

"சொன்னேனே அக்கா, தேடி எடுத்தேன்னு. பரண்ல, தோலுக்கெல்லாம் அடியில கிடந்துச்சு. நல்ல கயிறு, இல்ல? யாரு பின்னுனதோ. இவ்வளவு நாளா என் கண்ணுல படவே இல்லை." ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அது முகத்திலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காவல்காரன் வளையத்தை ஒட்டி ஓடி வந்தான். சிரிலோ. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். "இறுக்கிப் புடிங்க! இன்னும் கொஞ்ச தூரம்தான்! அக்கா, கயித்தை விட்டுறாதீங்க. இப்ப விட்டா ஊர் வாயில மண்ணு!"

நிக்காசியா அவனைப் பார்த்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் தன் பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி கயிற்றைப் பார்த்தான். திரும்பி, வந்த வழியே வேகமாகப் போனான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எரிக்கப் பயந்து, எறிய மனசில்லாமல், தோலுக்கடியில் போட்டு மூன்று வருஷம் வைத்திருக்கிறான். கொலை செய்யத் துணிந்தவனுக்குக் கம்பளியைத் தீயில் போடத் துணிச்சல் இல்லை.

விட்டுவிடு என்றது அவள் மனசு. கையைத் திற. கயிறு விழட்டும். முந்நூறு விகுன்யாவும் மலைக்கு ஓடட்டும், இந்த ஊர் தலையில் கை வைத்து உட்காரட்டும். பிணத்தின் பக்கத்தில் நின்று சிரித்த ஊர்தானே. விரல்கள் ஒரு கணம் தளர்ந்தன.

பிறகு யோசித்தாள். இப்போது விட்டால், கயிற்றை யார் பார்ப்பார்கள்? ஓடுகிற விகுன்யாவைத்தான் பார்ப்பார்கள். குடிகாரன் பெண்டாட்டி வளைப்பைக் கெடுத்தாள் என்பார்கள், அத்தோடு தீர்ந்தது. பிடித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் ஊரே கூடி நிற்கும், கையில் கயிறு இருக்கும், ஒன்றும் மறைக்க முடியாது. அவள் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் பின்னல் அச்சுப்போல் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் செய்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

முந்நூற்று நாற்பது விகுன்யாக்கள் பட்டிக்குள் போயின. படலைச் சாத்தியதும் ஊர் ஆர்ப்பரித்தது. பெரிய கயிறு தரையில் கிடந்தது. நிக்காசியா உட்கார்ந்து இரண்டு பக்க முடிச்சையும் அவிழ்த்து அந்தத் துண்டை உருவிவிட்டு, மிச்ச இரண்டு முனைகளையும் சேர்த்து முடிந்தாள்.

"அக்கா, அது எங்க வீட்டுக் கயிறு," என்றாள் பெத்ரோனா.

"இல்லம்மா. உங்க வீட்டுல கிடந்த கயிறு."

நேராக லியோன்சியோவிடம் போனாள். கம்பளி வாங்க வந்தவர்களின் ஜீப் அப்போதுதான் வந்து நின்றிருந்தது, அவர் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவரை மறித்து, கயிற்றை நீட்டி, மூன்று திருப்பத்தையும் காட்டினாள். அவர் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அந்தக் கயிற்றை அவர் அன்செல்மோவின் இடுப்பில் எத்தனை தரம் பார்த்திருப்பார்!

"எங்கே இருந்துச்சு?"

"சிரிலோ வீட்டுப் பரண்ல. அவன் பொண்டாட்டியே சொல்றா. கேட்டுப் பாருங்க."

லியோன்சியோ ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "தங்கச்சி, உன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியுது. அவனை நான் விட மாட்டேன். ஆனா இந்த ஆளுங்க போகட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. சாயங்காலம் பேர் கூப்பிடறப்ப ஊர் முன்னாடி நானே எடுத்துப் போடறேன். கயித்தை என்கிட்ட குடு, ஊர்ப் பெட்டியில வச்சுப் பூட்டறேன். உன் கையில இருந்தா அவன் புடுங்கிட்டு ஓடிடுவான்."

"நிஜமாத்தானே அண்ணே?"

"உன் பொண்ணுக்கு முடி இறக்கின கை இது."

கொடுத்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவள் சொன்னதை நம்பியிருக்கிறார்.

கத்தரிக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேர் விகுன்யாவின் காலைப் பிடிப்பார்கள், ஒருவர் தலையை மடியில் வைத்துக் கண்ணைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிவிட்டால் அது சத்தம் போடாது. தலை பிடிக்கும் வேலை நிக்காசியாவுடையது. மெல்லிய கழுத்து, அதில் நாடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து கம்பளியைப் போர்வை மாதிரி உரித்துக்கொண்டு வந்தது. ஒரு உருப்படிக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிதான். எங்கோ இருக்கிற எவனோ பணக்காரன் கழுத்தில் சுற்றிக்கொள்வான், நாங்கள் யாரும் போர்த்திப் பார்த்ததில்லை. வலிக்காது, திரும்ப முளைத்துவிடும் என்று அன்செல்மோ அதன் காதில் சொல்வான். கிறுக்கன் என்று ஊர் கேலி செய்யும். அன்று அவளும் ஒவ்வொன்றின் காதிலும் அதையே சொன்னாள். சாயங்காலம் ஆகட்டும், சாயங்காலம் ஆகட்டும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பகல் சாயும் நேரத்தில் காற்று திரும்பியது. வாடை வந்தது.

எங்கள் மேட்டில் பிறந்த எவருக்கும் அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டாம். கம்பளி கருகும் வாடை. காலைப் பிடித்திருந்தவள் நிமிர்ந்தாள். அடுத்த வட்டத்தில் பேச்சு நின்றது. "எவன்டா அது, கம்பளியைத் தீயில போட்டவன்? குடி விளங்குமா!" என்று ஒருத்தி கத்தினாள். பக்கத்திலிருந்தவள் அவள் தோளைத் தொட்டாள். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வெளியூர்க்காரன் ஒருவன் மட்டும் எதுவும் தெரியாமல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். மற்ற எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எதற்காகத் தரையைப் பார்க்க வேண்டும்? தெரியாதவன் தலையை நிமிர்த்தித் தேடுவான். தெரிந்தவன்தான் குனிவான்.

நிக்காசியா விகுன்யாவின் தலையைப் பக்கத்துப் பெண்ணின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். பட்டிக்குப் பின்னால் சூப் காய்ச்சும் அடுப்பு. சமைக்கிற பெண்கள் ஒருத்தியும் அங்கே இல்லை. லியோன்சியோ மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். புழுக்கைத் தணலில் ஏதோ கறுப்பாகச் சுருண்டு குமிழ்விட்டுக்கொண்டிருந்தது.

"கயிறு எங்கண்ணே?"

"எந்தக் கயிறு?" என்றார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். குச்சி கிளறுவதை நிறுத்தியது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவன் காவல்காரன், தங்கச்சி. காவல்காரனே வேட்டைக்காரன்னு வெளியில தெரிஞ்சா அனுமதி போச்சு. இந்த வருஷம் மட்டுமில்ல, எந்த வருஷமும் கிடையாது. இருநூறு பேரு எங்க போறது? பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. உன் பொண்ணும் அங்கதானே படிக்குது? அதான் நானே செஞ்சேன். பாவம் என்னோடது. என் பட்டியில குட்டி சாகட்டும், நான் பாத்துக்கறேன்."

"முடி இறக்கின கைன்னீங்களே."

"சாயங்காலம் அன்செல்மோ பேரைக் கூப்பிடறேன். இன்னைக்கு மட்டுமில்ல, எப்பவும். கூட்டத்துல நாலு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க. உனக்கு அதுதானே வேணும்? மூணு வருஷமா நீ கேக்கறது அதுதானே?"

நாலு பேர். ஆக, ஒருவர் செய்த காரியமும் இல்லை. அவள் அடுப்பில் காறித் துப்பிவிட்டு வந்துவிட்டாள்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன்னால் ஊர் கூடி நின்றது. வழக்கப்படி ஒரு ஆண் விகுன்யாவுக்கும் ஒரு பெண் விகுன்யாவுக்கும் கல்யாணம் செய்து, காது நுனியில் கீறி, அந்த ரத்தத்தை எல்லார் கன்னத்திலும் தடவினார்கள். ஜீப்பில் வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லியோன்சியோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெயர்களைக் கூப்பிட்டார். ஏழு பெயருக்கும் ஏழு குரல் வந்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தினார்.

"அன்செல்மோ! கொண்டோரி மலையில நம்ம விகுன்யாக்களைக் காத்து உயிரை விட்டவன்!"

ஊர் நிக்காசியாவைப் பார்த்தது. எல்லார் முகத்திலும் ஒரு ஆசை. சொல்லிவிடு அம்மா, சொல்லிவிட்டால் எங்களுக்கும் நிம்மதி என்கிற ஆசை. ஒரே ஒரு வார்த்தை. மூன்று வருஷமாக அவளும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து பழகிப் பார்த்த வார்த்தை.

அவள் வாயைத் திறக்கவில்லை.

காற்று மட்டும் துணிக்கிழிசல்களை அடித்துக்கொண்டிருந்தது. லியோன்சியோ இன்னொரு தரம் கூப்பிட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வீட்டார் குரல் கொடுக்காவிட்டால் யார் கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

சிரிலோ ஒரு அடி முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். கன்னத்தில் விகுன்யாவின் ரத்தம்.

"இருக்கார்!" என்றான். கணீரென்று சொன்னான்.

"இருக்கார்!" என்றது ஊர். பெத்ரோனா மட்டும் சொல்லவில்லை. அவள் தன் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படலைத் திறந்தார்கள். கம்பளி போன விகுன்யாக்கள் வெடவெடவென்று வெளியே வந்து, ஒரு கணம் திகைத்து, பிறகு கொண்டோரி பக்கம் ஓடின. ஊர் அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது நிக்காசியா தரையில் உட்கார்ந்து, பெரிய கயிற்றிலிருந்து தன் வீட்டுக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பக்கம் அவிழ்ந்தது. மறுபக்கம் இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள்.

"தங்கச்சி, என்ன பண்றே?" லியோன்சியோ பதறினார். "பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி தன் கயித்தை அவுத்தா வீடே வளைப்பை விட்டு விலகுதுன்னு அர்த்தம். அப்புறம் பங்கு கேட்டு வர முடியாது."

"வரலை. நீங்களே தின்னுங்க," என்றாள். "ரெண்டு கயிறு குடுத்தேன் இந்த ஊருக்கு. ஒண்ணை எரிச்சுட்டீங்க. இதையாவது எடுத்துட்டுப் போறேன்."

"அவன் பேரைக் கூப்பிட்டாச்சேம்மா!"

"கூப்பிட்டீங்க. யாரு வந்தான்னு பாத்தீங்கல்ல?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. இருபத்தொரு மாரையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அத்தனை பெரிய கயிறு நடுவில் பிரிந்து இரண்டாகக் கிடப்பதை ஊர் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். மேட்டு வளைவில் நின்று ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சிரிலோவும் இன்னொருவனும் குனிந்து, அந்த இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சு தாங்குகிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது யானெத் அல்பாக்காக்களைப் பட்டியில் அடைத்து முடித்திருந்தாள். தாயைப் பார்த்ததும் சரிவில் ஓடி வந்தாள்.

"கூப்பிட்டாங்களாம்மா?"

"கூப்பிட்டாங்க."

"நிஜமாவா! அப்பா பேரையா!" பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மூன்று வருஷமாக அவள் அப்படிக் குதித்து நிக்காசியா பார்த்ததில்லை. "சத்தமாக் கூப்பிட்டாங்களா? எல்லாருக்கும் கேட்டுச்சா? நீதானேம்மா இருக்கார்னு சொன்னே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெண் நிம்மதியாகத் தூங்கியிருக்கும், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தலை நிமிர்ந்து போயிருக்கும். நல்லதுக்காக மறைப்பது. அதைத்தான் இன்று பகல் முழுக்க ஊரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நிக்காசியா கயிற்றைத் தோளிலிருந்து இறக்கிக் கல்சுவரின் மேல் வைத்தாள்.

"நான் சொல்லலை. சிரிலோ சொன்னான்," என்றாள். "உங்கப்பாவைக் கொன்னவனே சொன்னான். உட்காரு, எல்லாத்தையும் சொல்றேன்."

யானெத் உட்காரவில்லை.